மைசூரின்: ஒரு கனிமப் பெயரின் தோற்றமும் வீழ்ச்சியும்

1. முன்னுரை

'மைசூரின்' என்று தமிழெழுத்தில் எழுதப்பட்ட சொல்லைக் காணும் வாசகர், அதனை மைசூர் என்னும் ஊர்ப்பெயர் வேற்றுமை உருபு ஏற்று நின்ற வடிவமாகவே கொள்வர். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கனிமவியல் நூல்களில் இஃது ஒரு தனிப்பெயர். தென்னிந்தியாவிலிருந்து இலண்டனுக்குச் சென்ற செப்புத் தாதுத் துண்டு ஒன்றை ஆராய்ந்த வேதியியல் அறிஞர், அஃது அதுவரை அறியப்படாத புதிய இனம் என்று 1814ஆம் ஆண்டு அறிவித்தார். அவ்வினத்துக்கு நிலைபெற்ற பெயரே மைசூரின். 1879ஆம் ஆண்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த மற்றோர் அறிஞர் அது தனிக் கனிமம் அன்று என்று காட்டினார். சுட்டப்பட்ட பொருள் இல்லாமற்போன பிறகும் சொல் மட்டும் நூல்களில் எஞ்சியது.

நெல்லூர்ப் பகுதியில் கைவிடப்பட்ட சிறு செப்புச் சுரங்கங்களோடு தொடர்புடைய இப்பெயரின் வரலாற்றைக் கூறுவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். அவ்வரலாற்றைப் புரிந்துகொள்ளத் தேவையான அளவுக்கு அப்பகுதிப் பாறைகளின் இயல்பையும் கனிமங்கள் உருவாகும் முறையையும் விளக்குவது இரண்டாம் நோக்கம். பழைய அறிவியல் நூல்களை மொழிபெயர்ப்போர் இத்தகைய சொற்களை எவ்வாறு கையாள வேண்டும் என்ற வினாவுக்கு விடை காண்பது மூன்றாம் நோக்கம். பொருள் மாறிய சொல் வேறு, பொருளை இழந்த சொல் வேறு. இரண்டையும் ஒரே நெறியால் மொழிபெயர்த்தல் இயலாது என்பதே இக்கட்டுரை நிறுவ விரும்பும் கருத்தாகும்.

2. இடமும் அதன் பெயரும்

ஆந்திரப் பிரதேசத்தின் நெல்லூர்ப் பகுதியில், கடற்கரையை விட்டு மேற்கே செல்லச் செல்ல நிலம் உயர்ந்து, கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் அடிவாரத்தை அடைகிறது. இம்மேற்குப் பகுதியில் உதயகிரி வட்டாரத்தைச் சேர்ந்த கரிமெனபெண்ட என்னும் ஊர் செப்புத் தாதுவுக்குப் பெயர்பெற்றது. கர்நாடக நவாபின் ஆட்சிப் பகுதிகள் 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நேர் ஆட்சிக்குள் வந்தபோது நெல்லூரும் அவற்றுள் ஒன்றாக வந்தது. அதனை அடுத்த ஆண்டுகளில் இப்பகுதியில் செம்பு எடுக்க ஐரோப்பியர் முயன்றனர். முயற்சிகள் ஊதியம் தரவில்லை, சுரங்கங்கள் கைவிடப்பட்டன.

ஊரின் பெயரைத் தமிழெழுத்தில் எழுதும்போது ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. தெலுங்கில் முதலெழுத்து ஒலிப்புடைய ககரம். தமிழெழுத்து அவ்வேறுபாட்டைக் காட்டாது. ஆகவே தமிழ் வாசகர் இப்பெயரின் முதலிலே 'கரி' என்ற சொல்லைக் கண்டு, உலைக்கரியோடு அதனைத் தொடர்புபடுத்தக்கூடும். தெலுங்கு வடிவம் அதற்கு இடம் தரவில்லை. ஈற்றில் நிற்கும் 'பெண்ட' என்ற சொல்லுக்குத் தெலுங்கில் குப்பை, எருக்குவியல் என்ற பொருள் உண்டு. செம்பு உருக்கிய இடம் என்றவுடன், உலைக் கசடு குவிந்த மேடு என்று பொருள் கூறும் ஆசை எழுவது இயல்பு. ஆயினும் நல்லமலைக் காடுகளில் வாழும் செஞ்சு மக்களின் சிறு குடியிருப்புகளும் பெண்ட என்றே வழங்குகின்றன. சுரங்கமோ உலையோ இல்லாத இடங்களிலும் இவ்வீறு காணப்படுவதால், இதனைக் குடியிருப்பைக் குறிக்கும் ஈறாகக் கொள்வதே பொருந்தும். தொழில் நிகழ்ந்த இடங்களில் எல்லாப் பெயரையும் தொழிலோடு இயைத்துப் பொருள் காண்பது இடப்பெயராய்வில் அடிக்கடி நேரும் வழுவாகும்.

3. தாது, கனிமம், சுரங்கம்

மேற்செல்லுமுன் மூன்று தமிழ்ச் சொற்களின் பொருள் எல்லையை வரையறுத்துக்கொள்ளுதல் தேவை.

'தாது' என்னும் சொல் நம் மொழியில் பல துறைகளில் வழங்குகிறது. சங்க இலக்கியத்தில் அது பூந்துகள். மருத்துவ நூல்களில் உடலைத் தாங்கும் ஏழு கூறுகள். வடமொழி இலக்கண மரபில் வினையின் வேர். சுரங்கத் தொழிலில் உலோகம் பிரித்தெடுக்கப்படும் மூலப்பொருள். இவற்றுள் பின்னைய மூன்றும் வடமொழிச் சொல்லின் பொருள் விரிவுகள். மூலக்கூறு என்னும் பொதுக்கருத்து அவற்றை இணைக்கிறது. தொழிலார் வழக்கில் தாது என்பது பயன் கருதிய பெயர். உலோகம் எடுத்தால் ஊதியம் உண்டு என்னும் நிலையிலுள்ள கல் தாது. ஊதியம் இல்லையாயின் அது வெறுங்கல். ஒரு தாதுத் துண்டில் பல பொருள்கள் கலந்திருக்கலாம்.

'கனிமம்' என்பது இயல்பு கருதிய பெயர். வரையறுத்த வேதிச் சேர்க்கையும் ஒழுங்கான படிக அமைப்பும் உடைய ஒரே பொருள் கனிமம். சுரங்கத்தைக் குறிக்கும் வடமொழி 'கனி' என்பதிலிருந்து இச்சொல் ஆக்கப்பட்டது. அச்சொல்லே தெலுங்கிலும் கன்னடத்திலும் முதலெழுத்து ஒலிப்புப் பெற்றுச் சுரங்கத்தைக் குறித்து வழங்குகிறது. பழத்தைக் குறிக்கும் தமிழ்க் கனியோடு இதற்குத் தொடர்பில்லை.

'சுரங்கம்' நிலத்தடி வழியைக் குறிக்கும் வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது. அவ்வடமொழிச் சொல்லைக் குழலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புபடுத்துவர். இன்று தாது எடுக்கும் இடம் எதுவாயினும், அஃது ஆழமற்ற குழியேயாயினும், சுரங்கம் என்றே சொல்கிறோம். 'திறந்தவெளிச் சுரங்கம்' என்னும் தொடர் தன்னோடு தானே முரண்படுவதாகத் தோன்றினும் வழக்கில் எவருக்கும் இடர் தருவதில்லை.

தாதுவுக்கும் கனிமத்துக்கும் உள்ள இவ்வேறுபாடே மைசூரின் வரலாற்றின் அச்சாகும்.

4. பாறையினுள் நிகழும் மாற்றம்

நெல்லூரின் அடிப்பாறைகள் மிகத் தொன்மையானவை. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, பல இடங்களில் ஏடு ஏடாகப் பிளக்கும் இயல்புடையவை. கூடூர்ப் பகுதியின் அப்பிரகம் புகழ்பெற்றது. இப்பாறைத் தொகுதிகளைப் பற்றி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் எழுதிய விரிவான நூல் 1880இல் வெளிவந்தது.

இத்தகைய பாறைகளின் ஆழத்தில் செம்பு பெரும்பாலும் கந்தகத்தோடும் இரும்போடும் கூடிய நிலையில் இருக்கும். அவ்வாறமைந்த கனிமங்களுள் தலையாயது பித்தளை போன்ற மஞ்சள் நிறமுடைய சால்கோபைரைட். மழைநீரும் காற்றும் பாறையின் விரிசல்கள் வழியே இறங்கி இதனைச் சிதைக்கும்போது, கந்தகம் அமிலமாகிறது. செம்பு நீரில் கரைந்து கீழிறங்குகிறது. இரும்பு பெரும்பாலும் ஆக்சைடாக மேலேயே தங்கிவிடுகிறது. துருப்பிடித்தாற்போன்று செம்பழுப்பாகத் தோன்றும் மேற்பரப்பே செம்பு தேடுவோர்க்கு முதல் அடையாளம்.

கரைந்த செம்பு, கரியமில வாயு கலந்த நீரையோ சுண்ணாம்புக் கூறுடைய பாறையையோ சந்திக்குமிடத்தில் கார்பனேட்டாகப் படிகிறது. பச்சை நிறமுடைய மாலகைட்டும் நீல நிறமுடைய அசூரைட்டும் இவ்வாறு தோன்றுவன. நிலத்தடி நீரில் உப்பு மிகுந்திருந்தால் செம்பு குளோரினோடு கூடி அடகாமைட் என்னும் மற்றொரு பச்சைக் கனிமமாகும். இதற்கு வறண்ட தட்பவெப்பம் உகந்தது. இன்னும் ஆழத்தில், நீர்மட்டத்தை ஒட்டி, கரைந்து இறங்கிய செம்பு பழைய சல்பைடுகளின்மேல் படிந்து அவற்றைச் செறிவாக்கும்.

சிறிய செப்புச் சுரங்கங்கள் ஏன் கைவிடப்படுகின்றன என்பதற்கும் இதிலேயே விடை உள்ளது. மேற்பகுதியின் பச்சைத் தாது கண்ணுக்கு எளிதில் புலப்படும். குழி வெட்டி எடுக்கலாம். கரியோடு சேர்த்துச் சிறு உலையில் உருக்கலாம். ஆழம் மிகமிகச் செம்பின் அளவு குறையும், நீர் ஊறும், கந்தகம் கலந்த தாதுவை முதலில் வறுக்க வேண்டும். மேற்பரப்பின் செழுமையை நம்பி முதலீடு செய்வோர் ஆழத்தில் ஏமாற்றம் அடைவர்.

இங்கு நாம் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்று. மேற்பகுதித் தாதுவில் மாலகைட்டும் இரும்பு ஆக்சைடும் சிலிகாவும் கண்ணால் பிரித்தறிய இயலாத அளவுக்கு நுண்ணிதாகப் பிணைந்திருக்கக்கூடும். அத்தகைய கலவை பச்சையாகத் தோன்றாது. பழுப்பாகவோ கருமையாகவோ தோன்றும். மைசூரின் கரும்பழுப்பு நிறமுடையது என்றும், பசுமையும் செம்பழுப்பும் அதில் விரவிக் காணப்படும் என்றும் பழைய கனிமவியல் நூல்கள் வருணித்தன. அவ்வருணனை ஒரு கனிமத்தைக் காட்டிலும் ஒரு கலவைக்கே மிகப் பொருந்துகிறது என்பதைப் பின்னோக்கிப் பார்க்கும் நாம் உணரலாம்.

5. ஹைனேயும் தாம்சனும்

தாதுவைத் திரட்டியவர் பெஞ்சமின் ஹைனே. 1770இல் ஜெர்மனியின் சாக்சனியில் பிறந்த இவர், மொரேவியச் சமயக் குழுவினராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்து, சாமல்கோட்டைத் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் தொடங்கிய மைசூர் நில அளவையில், சுவடித் தொகுப்பால் நம் துறையினர் நன்கறிந்த காலின் மெக்கன்சியின் குழுவில் தாவரவியலாராகவும் மருத்துவராகவும் இடம்பெற்றார். 1819இல் சென்னை வேப்பேரியில் மறைந்தார். 1814இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பு, தென்னிந்தியாவின் நிலம், தொழில், தாதுப்பொருள் ஆகியவற்றைப் பற்றியது. காளத்தி, வெங்கடகிரி, நெல்லூர்ப் பகுதிகளின் செப்புச் சுரங்கங்களைப் பற்றிய விவரம் அத்தொகுப்பில் உள்ளது.

ஹைனே தந்த தாதுவைப் பகுத்தாய்ந்தவர் தாமஸ் தாம்சன். ஸ்காத்லாந்தைச் சேர்ந்த இவர், டால்டனின் அணுக்கொள்கையை 1807இலேயே தம் வேதியியல் நூலில் எடுத்துரைத்து உலகறியச் செய்தவர். பின்னர்க் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 1814இல் அரச கழகத்தின் ஆய்விதழில் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு, செப்புத் தாதுவின் புதியதோர் இனத்தின் பகுப்பாய்வு என்று பொருள்படும். தாது கிடைத்த இடம் மைசூரின் கிழக்கெல்லையை அடுத்தது என்று குறிக்கப்பட்டது.

அத்தலைப்பை மொழியியல் நோக்கில் ஊன்றிக் காணவேண்டும். 'தாது' என்பது, நாம் மேலே கண்டவாறு, பயன் கருதிய வகைப்பாடு. 'இனம்' என்பது இயல்பு கருதிய வகைப்பாடு. 'தாதுவின் இனம்' என்ற தொடர் ஒரு வகைப்பாட்டின் உறுப்புக்கு மற்றொரு வகைப்பாட்டின் தகுதியை வழங்குகிறது. கையிலிருந்தது ஒரு தாதுத் துண்டு. அறிவிக்கப்பட்டது ஒரு கனிம இனம். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைத் தலைப்பின் இலக்கணம் மறைத்துவிட்டது.

6. நீரின் கணக்கு

தாம்சன் தந்த பகுப்பு வருமாறு: கார்பானிக் அமிலம் 16.70, செம்பின் பெராக்சைடு 60.75, இரும்பின் பெராக்சைடு 19.50, சிலிகா 2.10, இழப்பு 0.95. கூட்டுத்தொகை 100.

இரும்பையும் சிலிகாவையும் அவர் கலப்புப் பொருள்களாகக் கருதி விலக்கினார். எஞ்சியவை செம்பின் ஆக்சைடும் கார்பனின் ஆக்சைடும். இவற்றின் விகிதத்தை இன்றைய அணு எடைகளைக் கொண்டு கணக்கிட்டால், செப்பு ஆக்சைடின் இரண்டு மூலக்கூறுகளுக்குக் கார்பன் டை ஆக்சைடின் ஒரு மூலக்கூறு என்ற விகிதம் ஏறத்தாழப் பிறழாமல் கிடைக்கிறது. மாலகைட்டின் விகிதமும் இதுவே. ஆனால் மாலகைட்டில் இவற்றோடு நீரும் ஒரு கூறாகச் சேர்ந்துள்ளது. தூய மாலகைட்டில் செப்பு ஆக்சைடு ஏறத்தாழ 72 விழுக்காடு, கார்பன் டை ஆக்சைடு 20 விழுக்காடு, நீர் 8 விழுக்காடு.

தாம்சனின் 60.75 பங்கு செப்பு ஆக்சைடு மாலகைட்டில் இருந்திருப்பின், அதனோடு 16.8 பங்கு கார்பன் டை ஆக்சைடும் 6.9 பங்கு நீரும் இருந்திருக்க வேண்டும். முன்னையது அவர் அளந்த 16.70க்கு மிக நெருங்கியது. பின்னையது அவர் கணக்கில் இல்லை. இழப்பாக எஞ்சிய 0.95இல் 6.9ஐ அடக்க முடியாது. எனவே, மாலகைட்டை ஒத்தும் நீரின்றியும் இருப்பதால் இது வேறோர் இனம் என்ற முடிவு அவருடைய எண்களிலிருந்து முறையாகவே பெறப்பட்டது. நீரற்ற செப்புக் கார்பனேட் என்று கனிமவியலார் அதனை வகைப்படுத்தினர்.

செப்புக் கார்பனேட் வேதியியல் வரலாற்றில் எளிய பொருளன்று. சேர்மங்கள் எப்போதும் மாறா விகிதத்திலேயே அமைகின்றன என்னும் விதியைப் பிரெஞ்சு அறிஞர் புரூஸ்ட் நிறுவ முற்பட்டபோது, 1799இல் அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் இயற்கையில் கிடைக்கும் செப்புக் கார்பனேட்டும் ஆய்வகத்தில் ஆக்கப்படும் செப்புக் கார்பனேட்டும் முதன்மையானவை. அவ்விரண்டின் சேர்க்கையும் ஒன்றே என்று அவர் காட்டினார். விகிதமே பொருளின் அடையாளம் என்னும் நம்பிக்கை வலுப்பெற்றுவந்த காலத்தில், விகிதம் பொருந்திய ஒரு பகுப்பு புதிய பெயரைப் பெற்றதில் வியப்பில்லை.

7. மாலட்டின் ஆய்வு

பெயரிடப்பட்ட பொருள் மீண்டும் ஆய்வுக்கு உள்ளாக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எஃப். ஆர். மாலட், நெல்லூர் மாவட்டத்தின் மைசூரினையும் அடகாமைட்டையும் பற்றி அத்துறையின் ஆய்விதழில் 1879இல் எழுதினார். மைசூரின் எனப்பட்டது தனிக் கனிமம் அன்று, தூய்மையற்ற மாலகைட்டே என்பது அவ்வாய்வால் தெளிவாயிற்று. பின்வந்த கனிமவியல் நூல்கள் மைசூரினைத் தனித் தலைப்பின்கீழ்க் கூறாமல், மாலகைட்டுக்குரிய பகுதியில் ஒரு குறிப்பாக ஒதுக்கின.

மாலட்டின் கட்டுரைத் தலைப்பே ஒரு புவியியல் திருத்தமாகவும் அமைந்தது. மைசூரைப் பெயரில் தாங்கிய பொருளை அவர் நெல்லூரில் தேடினார். மைசூர் அரசின் கிழக்கெல்லையிலிருந்து உதயகிரி வட்டாரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இடையே கடப்பைப் பகுதி கிடக்கிறது. ஹைனே தம் தொகுப்பில் விவரித்த செப்புச் சுரங்கங்களும் கிழக்கே காளத்தி முதல் நெல்லூர் வரை பரந்தவையே. நான்கு போர்களால் மைசூரின் பெயர் ஐரோப்பாவில் பரவியிருந்த காலம் அது. நெல்லூரையோ காளத்தியையோ அறியாத இலண்டன் வாசகருக்கு மைசூர் அறிந்த பெயர். அறிந்த இடத்தைச் சுட்டி அறியாத இடத்தை உணர்த்துவது பேச்சு வழக்கின் இயல்பு. வழக்கில் அஃது அடையாளக் குறிப்பு மட்டுமே. பெயராக உறைந்தபின் அது பிறப்பிடச் சான்றாகத் தோற்றம் கொள்கிறது.

இங்குத் தமிழிலக்கணம் ஒரு தற்செயலான துணை செய்கிறது. நன்னூல் ஐந்தாம் வேற்றுமையின் இன் உருபுக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்னும் நான்கு பொருள்களைக் கூறும். 'மைசூரின் கிழக்கு' என்னும்போது இன் உருபு எல்லைப் பொருளில் நிற்கிறது. சொல்லப்படும் இடம் மைசூருக்குப் புறத்தே உள்ளது. ஐரோப்பிய மொழிகளில் பெயராக்க விகுதியாக வந்த 'இன்', தமிழ் வாசகரின் காதில் எல்லை உருபாக ஒலிக்குமாயின், அப்பெயரைப் பற்றிய உண்மைக்கு அது மூலத்தைவிட அணுக்கமாக உள்ளது எனலாம்.

8. பெயரிடும் நெறிகள்

செப்புக் கனிமங்களின் பெயர்களை ஒருங்கே வைத்துக் காணும்போது பெயரிடுதலின் பல நெறிகள் புலனாகின்றன.

முதலாவது நிறத்தால் பெயரிடுதல். தமிழ்ச் செம்பு செம்மையடியாகப் பிறந்தது. மலையாளத்திலும் அதன் வடிவம் உலோகத்தையே குறிக்கிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் அதே சொல் கலத்தின் பெயராகச் சுருங்கியது. அசூரைட் என்ற பெயர் நீலக்கல்லைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. முதலில் நின்ற லகரத்தை ஐரோப்பிய மொழியினர் சுட்டிடைச் சொல்லாகக் கருதி நீக்கிவிட்டனர்.

இரண்டாவது ஒப்புமையால் பெயரிடுதல். மாலகைட் என்பது ஒரு செடியின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. அச்செடி நம் துத்தியும் செம்பருத்தியும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. இலையின் பசுமையே ஒப்புமைக்கு ஏது. நம் மயில்துத்தமும் இவ்வகையினதே. அதில் துத்தம் என்பது வகைப்பெயர். மயில் நிறத்தால் அதனைப் பிறவற்றினின்று பிரிக்கும் அடை. துத்தநாகத்தின் உப்பாகிய பால்துத்தமும் அவ்வகைப்பெயரின்கீழ் அடங்கும். உலோகம் வேறாயினும் தோற்றமும் பயனும் ஒத்தவற்றை ஒரு பெயரால் வழங்குவது மருத்துவ மரபின் நெறி.

மூன்றாவது இடத்தால் பெயரிடுதல். ஆங்கிலத்தில் செம்பைக் குறிக்கும் காப்பர் என்ற சொல்லே சைப்பிரசுத் தீவின் பெயரிலிருந்து பிறந்தது. அடகாமைட் தென் அமெரிக்காவின் அடகாமாப் பாலைவனத்தின் பெயரால் அமைந்தது. நான்காவது ஆளால் பெயரிடுதல். தாம்சனின் நினைவாகத் தாம்சனைட் என்ற கனிமம் இன்றும் வழங்குகிறது. ஹைனேயின் பெயரை ராக்ஸ்பர்க் ஒரு மரப் பேரினத்துக்கு இட்டார்.

இடப்பெயரால் அமைந்த அடகாமைட்டும் மைசூரினும் மாலட்டின் கட்டுரைத் தலைப்பில் அருகருகே நிற்கின்றன. ஒன்று நிலைத்தது, மற்றொன்று வீழ்ந்தது. பாலைவனத்தின் பெயரைத் தாங்கிய கனிமம் கடல் கடந்த நெல்லூரில் கிடைத்ததால் அப்பெயருக்கு எவ்விழுக்கும் நேரவில்லை. இடம் தவறாக இருந்ததனால் மைசூரின் வீழவும் இல்லை. சொற்பிறப்பு எதுவாயினும் பெயர் நிலைபெறும். பெயர் சுட்டும் தனிப்பொருள் உண்டு என்ற கூற்று பொய்த்தால் மட்டுமே கனிமப் பெயர் வீழும். ஆகவே கனிமப் பெயர் ஒவ்வொன்றும் தன்னுள் ஒரு தீர்ப்பை அடக்கியுள்ளது.

9. மொழிபெயர்ப்பாளர் முன் உள்ள வினாக்கள்

தாம்சனின் கட்டுரையை இன்று தமிழாக்கம் செய்ய முற்படுவோர் மூன்று வகைச் சொற்களை எதிர்கொள்வர்.

முதலாவது 'கார்பானிக் அமிலம்'. 1814இல் இத்தொடர் இன்றைய கார்பன் டை ஆக்சைடைக் குறித்தது. இன்று அது, அவ்வாயு நீரில் கரைவதால் உண்டாகும் அமிலத்தைக் குறிக்கிறது. எழுத்துக்கு எழுத்தாகக் கார்பானிக் அமிலம் என்று பெயர்ப்பவர், நீரற்ற பொருள் எனப்பட்டதனுள் நீரைத் தம்மையறியாமலே புகுத்திவிடுவார். ஆனால் தமிழில் 'கரியமில வாயு' என்ற சொல் உண்டு. கரி, அமிலம், வாயு என்னும் மூன்றும் சேர்ந்த இச்சொல் அப்பழைய ஐரோப்பியக் கலைச்சொல்லை அப்படியே தமிழாக்கியது. மூல மொழியில் வழக்கொழிந்த பெயரீடு நம் பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் உயிரோடு உள்ளது. தாம்சனின் சொல்லுக்கு வடிவாலும் பொருளாலும் ஒருங்கே பொருந்தும் பெயர்ப்பு இதுவே.

இரண்டாவது 'பெராக்சைடு'. இச்சொல்லை 1804இல் ஆக்கி வழங்கியவர் தாம்சனே. ஓர் உலோகம் ஏற்கக்கூடிய மிகுதியான ஆக்சிஜனை ஏற்ற நிலையை அவர் அதனால் குறித்தார். இன்று அச்சொல் ஆக்சிஜன் அணுக்கள் இரண்டு தம்முள் பிணைந்த சேர்மங்களுக்கே உரியது. செம்பின் பெராக்சைடு என்று தமிழில் எழுதினால் தாம்சன் கருதாத பொருளொன்றை அவர்மேல் ஏற்றியதாகும். 'உயர் ஆக்சைடு' என்று பெயர்ப்பது தகும்.

இவ்விரு சொற்களும் பொருள் மாறியவை. இவற்றுக்கு நெறி தெளிவானது: எழுதப்பட்ட காலத்தின் பொருளைக் கண்டு, அப்பொருளை இன்று தரும் சொல்லை இடுதல்.

மூன்றாவது மைசூரின். மேற்கூறிய நெறியை இதற்கும் பொருத்தி, இன்றைய அறிவின்படி மைசூரின் என்பது மாலகைட்டே என்று கொண்டு, எல்லா இடங்களிலும் மாலகைட் என்று எழுதினால் நேர்வது யாது? மைசூரினில் நீர் இல்லாமையால் அது மாலகைட்டினின்றும் வேறுபட்டது என்னும் அக்கால வாதம், 'மாலகைட்டில் நீர் இல்லாமையால் அது மாலகைட்டினின்றும் வேறுபட்டது' என்று ஆகும். 1879இன் கண்டுபிடிப்போ 'மாலகைட் என்பது மாலகைட்டே' என்று ஆகும். முன்னது பொருளற்றது, பின்னது பயனற்றது. 65 ஆண்டுக்கால அறிவு வரலாறு ஒரு சொல்மாற்றத்தில் அழிந்துவிடும்.

எனவே பொருளை இழந்த சொல்லை அவ்வாறே நிறுத்துதல் வேண்டும். அதன் சுட்டுப்பொருள் பொய்த்தாலும் அதன் கருத்துப்பொருள் பொய்க்கவில்லை. 'நீரற்ற செப்புக் கார்பனேட்டாகிய தனிக் கனிமம்' என்று 1814இன் அறிஞர் கருதியதை அச்சொல் இன்றும் துல்லியமாக உணர்த்துகிறது. வரலாற்று நூலின் வாசகருக்கு வேண்டுவதும் அக்கருத்தே.

தமிழில் நிறுத்தும்போது வேற்றுமை மயக்கம் நேராதவாறு காத்தலும் வேண்டும். 'மைசூரின் தாது' என்றால் மைசூருக்குரிய தாது என்றே பொருள்படும். முதல் வருகையில் 'மைசூரின் என்னும் கனிமம்' என்று விரித்தெழுதி, பின்னர் மேற்கோள் குறிக்குள் தருதலோ, 'மைசூரினை', 'மைசூரினுக்கு' என உருபேற்ற வடிவங்களை ஆளுதலோ பொருந்தும். விகுதியை மாற்றி மைசூரைட் என்று புதிதாக ஆக்குவது மூலத்தில் இல்லாத சொல்லை வரலாற்றுக்குள் நுழைப்பதாகும்.

கலைச்சொல் அகராதியில் இச்சொல்லுக்குரிய பதிவு பின்வருமாறு அமையலாம்: 'மைசூரின், பெயர்ச்சொல், வழக்கொழிந்தது. நீரற்ற செப்புக் கார்பனேட் எனக் கருதப்பட்ட கனிமம். தாம்சனின் 1814ஆம் ஆண்டுப் பகுப்பாய்வை அடிப்படையாகக் கொண்டது. தூய்மையற்ற மாலகைட் என 1879இல் அறியப்பட்டது.' காலமும் தீர்ப்பும் குறிக்கப்படாத பதிவு, இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டும். சொல்லையே விலக்கும் அகராதி, பழைய நூலைப் படிப்போரைக் கைவிடும்.

10. முடிவுரை

நெல்லூரின் செப்புக் குழிகள் பொருளியல் நோக்கில் பெரும் பயன் தந்தவையல்ல. அவற்றிலிருந்து கிடைத்த உலோகத்தைக் காட்டிலும், அவற்றோடு தொடர்புடைய ஒரு சொல்லே நெடுந்தொலைவு சென்றது. ஒரு தாதுவைக் கனிமமாகக் கொண்டதால் அச்சொல் பிறந்தது. தாதுவைத் தாதுவாகவே கண்டபோது அது வீழ்ந்தது.

இந்திய மொழிகளில் அறிவியல் வரலாற்று நூல்கள் பெருகவேண்டிய இக்காலத்தில், பழைய ஆய்வறிக்கைகளும் பயண நூல்களும் தமிழாக்கம் பெறுதல் வேண்டும். அப்பணியில் ஈடுபடுவோர் ஒவ்வொரு கலைச்சொல்லிடத்தும் இரண்டு வினாக்களை எழுப்புதல் நன்று. இச்சொல் எழுதப்பட்ட நாளில் எதனைக் குறித்தது? அங்ஙனம் குறிக்கப்பட்ட பொருள் இன்றும் உளதா? முதல் வினாவுக்கு மட்டும் விடை கண்டு அமைவோர் கரியமில வாயுவைச் சரியாகப் பெயர்ப்பர்; மைசூரினில் இடறுவர். இரண்டாம் வினாவுக்கு 'இல்லை' என்ற விடை கிடைக்குமிடத்தில் சொல்லைத் திருத்துவது மொழிபெயர்ப்பாளரின் கடமையன்று. குறிப்பு எழுதுவதே கடமை.